சாயத்துக்கு உப்பு... பிரிண்ட்டுக்கு உப்பல்!

கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் நம்மவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? முகூர்த்த நேரம் பார்ப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு உறவுக்காரர்கள் கம்மி என்று அர்த்தம். கட்டைவிரலால் எழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். எழுத்து மேடாகப் புடைத்துக்கொண்டு வழவழவென்று இருந்தால், 'பொண்ணு வீடு கொஞ்சம் வசதிதான் போல' என்று ஒரு தீர்ப்பு. சப்பையாக இருந்தால் பத்திரிகை நேராக பீரோ மேல் போய்விடும்.

அந்த மேட்டில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஈர மையின் மேல் பிசின் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடு காட்டுவார்கள். பவுடர் உருகி, மையோடு சேர்ந்து மேடாகிவிடும். அவ்வளவுதான் வசதி!

தடவிப் பார்க்கிற இந்தப் புத்தி துணிக்கடையிலும் நம்மை விடுவதில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன்கள் குவிந்து கிடக்கும் கடை ஒன்றில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கலரைப் பார்த்த கையோடு, நெஞ்சில் இருக்கிற பிரிண்ட்டை நிமிண்டாமல் எந்த இளைஞனும் நகரமாட்டான். ரப்பர் மாதிரி தடித்தது, வெல்வெட் மாதிரி மெத்தென்றது, பூரி மாதிரி உப்பியது, காய்ந்த ஏரி மாதிரி வெடித்தது... விரலுக்கு ஏகப்பட்ட தீனி.

இதே புடைப்பு பிரிண்ட்டை, வாளியில் நாமே சாயம் போட்ட துணியில் அடித்துப் பார்த்தால் என்ன? ஆபீஸ் போகிற பையன்கள் பலர் சனி, ஞாயிறில் இந்த வேலையில் இறங்குகிறார்கள். சிலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு 'சைடில் நாலு காசு' கணக்கு. பொழுதுபோக்குக்காரர் எப்படியும் பிழைத்துக்கொள்வார். நாலு காசுக்காரருக்குத்தான் மேட்டர் சீரியஸ். அவர் விற்ற ஐம்பது டி-ஷர்ட்டின் தலையெழுத்து, வாங்கினவர் வீட்டு வாஷிங் மெஷினின் முதல் சுற்றில் தெரிந்துவிடும். பக்கத்தில் கிடந்த அப்பாவின் வெள்ளை வேட்டி ரோஸாக மாறினாலோ, உப்பின எழுத்து அப்பளமாக உதிர்ந்தாலோ, போட்ட முதல் போயே போச்!

கொசுவலையும் ஒரு ரப்பர் பட்டையும்

ஸ்க்ரீன் பிரிண்டிங்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எண்பது, தொண்ணூறுகளில் 'சுயதொழில் பயிற்சி' போர்டு எங்கே தொங்கினாலும் ஊதுபத்தி, சோப்புத்தூள் வரிசையில் இதுவும் இருக்கும். ஒரு சட்டத்தில் கொசுவலையைவிட நைஸான வலையை இழுத்துக் கட்டி, ஒளி பட்டால் இறுகிப்போகும் எமல்ஷனைத் தடவி, டிஸைன் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்ட வேண்டியது. டிஸைன் மறைத்த இடம் மட்டும் இறுகாமல் தண்ணீரில் கரைந்து வழிவிடும். மேலே பேஸ்டைப் போட்டு ரப்பர் பட்டையால், அதாவது ஸ்க்வீஜியால், ஓர் இழுப்பு. கீழே பிரிண்ட்!

1907-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் பட்டு வலையை வைத்து இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். பட்டு போய் பாலியஸ்டர் வந்த பிறகும் 'சில்க் ஸ்க்ரீன்' என்கிற பெயர் மட்டும் போகவில்லை.

ஸ்க்ரீனின் பிறவிக் குணம் நகல். முதல் பீஸும் ஆயிரமாவது பீஸும் ஒன்றுபோல இருக்கணும். கைச்சாயத்தின் குணம் நேர் எதிர். ஒரே வாளி, ஒரே சாயம், ஒரே கை... வெளியே வரும் இரண்டு துணியும் அண்ணன் தம்பி மாதிரிதான். ஜாடை இருக்கும், முகம் வேறு. இந்த இரண்டையும் சேர்த்துவைப்பது காதல் கல்யாணம் நடத்துகிற மாதிரி. ரெண்டு வீட்டையும் தனித்தனியாகச் சமாதானம் பண்ணணும். முதலில் சாய வீடு.

எடைக்கு எடை உப்பு

பருத்திக்கு ஏற்றது ரியாக்டிவ் சாயம். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி 1956-ல் 'ப்ரோசியான்' என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வந்த சாயங்கள் நூலின் மேல் ஒட்டிக்கொண்டோ, உள்ளே ஒளிந்துகொண்டோ காலம் தள்ளின. இது நூலோடு ரசாயன முடிச்சே போட்டுவிடும். அதிலும் 'கோல்ட் பிராண்ட்' என்று கடையில் சொல்லும் ரகத்துக்கு அடுப்பே தேவையில்லை. மே மாத மெட்ராஸ் குழாய்த் தண்ணீர் என்றால் ரொம்ப விசேஷம்.

ஒரு டி-ஷர்ட் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லிட்டர் தண்ணீர். நடுத்தரமான கலருக்கு 4, 5 கிராம் சாயம். உப்பு? 200 கிராம். ஆமாம் சார், சட்டை எடைக்குச் சட்டை எடை! தண்ணீரில் சாவகாசமாக நீந்திக்கொண்டிருக்கும் சாயத்தை நூல் பக்கம் விரட்டுவது உப்பின் வேலை. 20 நிமிஷம் கழித்துத் துணியை ஒதுக்கிவிட்டு, 60 கிராம் சலவை சோடாவைத் தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டும். (அடுப்படியில் இருக்கும் ஆப்ப சோடா இதற்கு உதவாது. எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.) சோடா விழுந்த பிறகுதான் முடிச்சு விழ ஆரம்பிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் துணி வாளியிலேயே இருக்கட்டும்.

துணி சீராக ஒரே கலரில் வேண்டுமென்றால் விடாமல் புரட்டணும். மேகம் மேகமாக வேண்டுமென்றால் சுருட்டி, முறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுச் சும்மா இருக்கணும். சோம்பேறிக்கும் கலைஞனுக்கும் ஒரே செய்முறை அமைவது உலகத்தில் இங்கே மட்டும்தான்.

சாயத்துக்கு முன்னால் புதுத் துணியை சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து அலசிவிட வேண்டும். மில்லில் ஏற்றின கஞ்சியும் மெழுகும் போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். துணி முழுப் பருத்தியாக இருக்கணும் என்பது இன்னொரு விதி. சட்டை பருத்தியாக இருந்து தையல் நூல் மட்டும் பாலியஸ்டர் என்றால், கருநீலச் சட்டையில் தையல் மட்டும் வெள்ளைப் பல்லைக் காட்டும். அது ஒரு டிஸைன் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஒரு தடவை.

பொடியைக் கையாளும்போது மூக்கில் மாஸ்க், கையில் கிளவுஸ் கட்டாயம். சாயத்தூள் மூச்சில் போனால் சிலருக்கு அலர்ஜி நிரந்தரமாகத் தங்கிவிடும். சாய வாளி வேறு, சமையல் பாத்திரம் வேறு. அம்மாவின் சாம்பார் கரண்டியால் கலக்கிவிட்டு விஞ்ஞான விளக்கம் சொல்ல வேண்டாம்.

அசல் வேலை இனிமேல்தான். வாளியில் போட்ட சாயம் முழுவதும் நூலைப் பிடிப்பதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு வீணாகிவிடும். ஆனால் வெளியே போகாது. நூலின் மேல் வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு நல்ல கலர்தான். அடுத்த தண்ணீர் பட்டதும் கழன்று ஓடும். அதனால் பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசு, பிறகு கொதிக்கக் கொதிக்கச் சோப்புத் தண்ணீர், மறுபடி அலசு. வெள்ளைக் கர்ச்சீப்பை நனைத்து அழுத்தித் தேய்த்தால் கர்ச்சீப் வெள்ளையாகவே இருக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை போய் 'போதும்ப்பா' என்று எழுந்தவர்கள்தான் பின்னால் வேட்டிக்காரரிடம் மாட்டுகிறார்கள்.

பூரியின் விஞ்ஞானம்

இப்போது பிரிண்ட் வீடு. புடைப்பில் பல ஜாதி உண்டு. ஸ்க்ரீனிலேயே எமல்ஷனைத் தடிமனாக ஏற்றி, பேஸ்டை அடுக்கடுக்காக அடித்து, சுவர் மாதிரி நிற்கவைப்பது 'ஹை டென்ஸிட்டி'. பசையை அடித்து, அதன் மேல் மின்புலத்தில் பொடி இழைகளை நட்டமாக நிறுத்தி வெல்வெட் ஆக்குவது 'ஃப்ளாக்'. வேண்டுமென்றே வெடிக்கவைப்பது 'க்ராக்'. வீட்டில் எளிதாகக் கைக்கு வருவது 'பஃப்', நம்ம பூரி.

பஃப் பேஸ்ட்டில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சூடு பட்டால் வாயுவாகிற திரவம். அடித்து, காயவைத்து, பேஸ்ட்டைப் பொறுத்து 120-லிருந்து 160 டிகிரி வரை சூடு காட்டினால் உருண்டைகள் பலூனாகும், பிரிண்ட் எழும்பும். சூடு பற்றாவிட்டால் எழும்பாது. அதிகமானால்? எழும்பின வேகத்தில் அமுங்கிச் சுருங்கிவிடும். எண்ணெயில் பூரியை மறந்துவிட்டு டி.வி. பார்க்கிற கதைதான். இஸ்திரிப் பெட்டியால் செய்கிறவர்கள் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமாகவே சூடு காட்ட வேண்டும்.

நைஸ் வலை இதற்கு உதவாது. அங்குலத்துக்கு 60-லிருந்து 110 இழை உள்ள முரட்டு வலை வேண்டும், பேஸ்ட் தாராளமாக இறங்க. உப்பும்போது அக்கம்பக்கம் பரவுவதால் கோடுகளுக்கு நடுவில் இடைவெளி விடணும். இல்லாவிட்டால் 'அ' என்று அடித்தது உப்பி முடிந்ததும் முட்டைக்கோஸாக நிற்கும். இன்னொன்று, உப்பினால் கலர் வெளிறும். அரக்கு அடித்தால் செங்கல் வரும். அதற்குத் தகுந்த மாதிரி முன்னாலேயே கலரைத் தூக்கலாக வைக்கணும்.

சம்பந்தி சண்டை

கைச்சாயத் துணியைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு பிரிண்டிங் பட்டறைக்குப் போய், "அண்ணா, இதுல பஃப் அடிச்சுத் தர முடியுங்களா?" என்று கேளுங்கள். ரேட் பேசுவதற்கு முன்னால் குறுக்கு விசாரணைதான். "சாயம் நீங்களே போட்டதுங்களா? சோப்பு வாஷ் குடுத்தீங்களா? சாஃப்ட்னர் ஏதாச்சும் போட்டீங்களா?"

மூன்று கேள்விக்கும் காரணம் இருக்கிறது. அலசாமல் விட்ட வாடகை தராத குடித்தனக்காரர், ஈரமான பேஸ்ட்டைப் பார்த்ததும் அங்கே குடியேறிவிடுவார். வெள்ளை பிரிண்ட் இளநீலமாகும். துணியில் சோடா மிச்சம் இருந்தால் இன்னும் மோசம். பிரிண்ட்டைத் துணியோடு பிடித்துவைக்கும் பைண்டர்களில் பலவும் லேசான அமிலச் சூழலில்தான் நன்றாக இறுகும். சோடா அதற்கு ஜென்ம விரோதி. அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது சலவையில் ஓரம் தூக்கும். சாஃப்ட்னர், சிலிகான் போட்ட துணியிலோ பைண்டர் காலூன்றவே முடியாது. எண்ணெய்த் தலையில் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி.

கைச்சாயத் துணிக்கு ஒரு பிளஸ் பாயின்ட்டும் உண்டு. இத்தனை கொதி, இத்தனை அலசு வாங்கி, சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. பிரிண்ட் அடித்த பிறகு துணி சுருங்கி எழுத்தை நெளியவைக்கும் ஆபத்து குறைவு.

என்ன அடிப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மணிக்கணக்கில் கை வலிக்க மேகம் மேகமாகச் சாயம் ஏற்றிவிட்டு, அதன் மேல் ஒரு சாண் சதுரத்துக்கு வெள்ளை பேஸ்ட்டை அப்பி, கார்ட்டூன் பொம்மை போடுகிறார்கள். அந்த மேகம் எதற்கு, அந்தக் கை வலி எதற்கு? வாங்கினவருக்கு நெஞ்சில் ரெக்ஸின் ஒட்டின மாதிரி வேர்க்கும். என் ஓட்டு கலர் சேர்க்காத ட்ரான்ஸ்பரன்ட் ஜெல்லுக்கு. காய்ந்த பிறகு கண்ணாடித் துளி மாதிரி மேடாக நிற்கும், கீழே சாயத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே தெரியும். ஒவ்வொரு சட்டையிலும் வேறு மாதிரி தெரியும். ஸ்க்ரீன் அதே ஸ்க்ரீன், நகல் மட்டும் வராது!

'பிளாஸ்டிஸால்' என்கிற இங்க் ரகம் வேலைக்குச் சுலபம். ஆனால் அது பி.வி.சி. துகளும் அதை இளக்கும் திரவமும் கலந்தது. வெளிநாட்டு வாங்குபவர்கள் பலர் பி.வி.சி.யே கூடாது என்கிறார்கள். குழந்தைகள் சட்டை என்றால் நீர்ப்பசை ரகத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கோரைப்பாய், போஸ்டர் பசை

ஃபிலிமும் எமல்ஷனும் இல்லாமலேயே டெக்ஸ்சர் கொண்டுவரலாம். மேஜையில் கோரைப்பாயை விரித்து, அதன் மேல் துணி, அதன் மேல் டிஸைனே இல்லாத வெற்று ஸ்க்ரீன். கொஞ்சமாகப் பேஸ்ட் விட்டு அழுத்தி இழுங்கள். பாயின் வரிவரி மேடு துணியில் அப்படியே இறங்கும். முறம், தென்னை ஓலை, கோழி வலை எல்லாம் டிஸைன்தான்.

சினிமா போஸ்டர் ஒட்டுகிறார்களே மைதாப் பசை, அதுவும் கைகொடுக்கும். துணி முழுக்கப் பூசி, மொறமொறவென்று காயவிட்டுக் கசக்கினால் பசை வெடிக்கும். வெடிப்பின் மேல் சாயத்தைத் தேய்த்தால் விரிசலில் மட்டும் இறங்கும். பசையைக் கழுவின பிறகு, அரசிலை நரம்பு மாதிரி ஒரு கோலம் மிஞ்சும்.

இதில் கில்லாடி முறை ஒன்று, அமெரிக்கத் துணிக் கலைஞர் கெர் க்ராபோவ்ஸ்கி பிரபலப்படுத்தியது. கெட்டியான சாயத்தை ஸ்க்ரீனிலேயே தாறுமாறாகப் பூசி, அடியில் இலை, வலை, நூல் என்று எதையாவது ஒட்டவைத்துக் காயவிட்டுவிட வேண்டும். பிறகு சாயம் கலக்காத வெறும் கெட்டிப் பசையை விட்டு இழுத்தால், காய்ந்த சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துணியில் இறங்கும். முதல் பிரிண்ட்டில் இலையின் நிழல். இரண்டாவதில் நரம்பு. மூன்றாவது, நான்காவதில் சாயக் கட்டிகள் உடைந்து புயல் மேகம். ஐந்தாவதில் ஸ்க்ரீன் காலி. நகல் எடுப்பதற்கென்றே பிறந்த கருவியை, ஒரு தடவை செய்ததை மறு தடவை செய்ய முடியாதபடி மாற்றிவிட்டார் அந்த அம்மணி.

இதற்கு மைதாப் பசை சரிப்படாது. மாவும் பருத்தியும் ரசாயனத்தில் பங்காளிகள். ரியாக்டிவ் சாயம் ஆள் மாறி மாவோடு முடிச்சுப் போட்டுவிடும். சோடியம் ஆல்ஜினேட் என்கிற பசைதான் வேண்டும். அது கடல்பாசியில் இருந்து எடுப்பது. நம் மண்டபம், ராமேஸ்வரம் கரையோரத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்துவருகிற 'கட்டக்கோரை'ப் பாசி போய்ச் சேர்வது இந்த ஆல்ஜினேட் ஆலைகளுக்குத்தான்.

வாளியைக் கவிழ்க்கும் முன்...

அந்த 200 கிராம் உப்புக்கு வருவோம். சாயத்தை நூல் பக்கம் விரட்டினது சரி, அது எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை. அத்தனையும் வாளித் தண்ணீரிலேயே இருக்கிறது. துணி ஒரு சிட்டிகைகூட வாங்கிக்கொள்வதில்லை. ஐம்பது டி-ஷர்ட் போட்டால் 10 கிலோ உப்பு சாக்கடைக்கு. கலரையாவது கண்ணால் பார்க்கலாம், சுண்ணாம்பு போட்டு ஓரளவு இறக்கிவிடலாம். கரைந்த உப்பு அந்த வைத்தியத்துக்கெல்லாம் மசியாது.

திருப்பூரில் இந்தக் கணக்கு டன் கணக்கில் நடந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல், ஊரைத் தாண்டும்போது உப்பும் சாயமுமாக வெளியேறியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போக, கீழே இருந்த விவசாயிகள் கிணறும் நிலமும் கெட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுகூட வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்றானது. வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளிகளுக்கு நொய்யலில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அடி முதலில் விழுந்தது அவர்கள் மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாளிக்காரர், 'நம்ம ஒரு சட்டைதானே' என்று சொல்லிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஐம்பது என்று ஆகிவிட்டால் அவர் ஒரு குட்டி சாயப் பட்டறை. அவருக்கு உப்பே வேண்டாத ஒரு வழி உண்டு. துணியைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். சாயத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து நேராகத் துணியின் மேல் ஊற்றியோ, பிரஷ்ஷால் பூசியோ, பிளாஸ்டிக் ஷீட்டில் ஈரம் போகாமல் சுருட்டி ஒரு ராத்திரி வையுங்கள். தண்ணீர் குறைச்சல் என்பதால் சாயம் நூலைத் தேடி நீந்த வேண்டியதில்லை, விரட்ட உப்பும் வேண்டியதில்லை. பெரிய ஆலைகளில் 'கோல்ட் பேட் பேட்ச்' என்று இதையே மெஷினில் செய்கிறார்கள். அடுத்த நாள் அலசுகிற தண்ணீரில் கலர் இருக்கும், சோடா இருக்கும், உப்பு மூட்டை இருக்காது. மேகம் டிஸைனும் இதில்தான் அழகாக விழும்.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டர் பிடிக்கும் முன்னால் ஒரே ஒரு பீஸை ஐந்து தடவை துவையுங்கள். காய்ந்த பிறகு பிரிண்ட்டின் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கலரோ துணுக்கோ வந்தால் மற்ற 49-ஐ வெட்டாதீர்கள். 'எல்லாம் ஒண்ணுபோல வேணும்' என்று கேட்கும் கஸ்டமருக்குக் கைச்சாயமே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்குக் காதர்பேட்டை இருக்கிறது. மற்றவர்களுக்குச் சட்டையோடு ஒரு சின்னச் சீட்டு: 'கையால் சாயமிட்டது. இதுபோல் இன்னொன்று கிடையாது. முதல் இரண்டு சலவை தனியாக. பிரிண்ட் மேல் நேராக இஸ்திரி போடக்கூடாது.'

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் அந்தச் சீட்டையெல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டார். அவரிடம் கொடுக்கும்போது சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பியே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.